கால் நனையாத அறுவடை

தமிழரசனுக்குக் காபி வேண்டும் என்றால் அது நேராக வராது.

முன்னறை நாற்காலியில் சாய்ந்தபடி ஃபோனில் இரண்டு வரி தட்டுவான். அது மாடியறையில் அணையாமல் கிடக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். அதற்குள் குடியிருக்கும் ஏஐ உதவியாளர் அதைப் படித்து, யோசித்து, ஒழுங்குபடுத்தி, சமையலறையில் நிற்கும் மனைவி பிரகதீஸ்வரியின் ஃபோனுக்கு அனுப்பும். 'காபி தேவை. சர்க்கரை பாதி. முன்னுரிமை: உயர்வு.'

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே பன்னிரண்டு அடி. ஒரு குரல் போதும். ஆனால் குரல் கொடுப்பவன் சாதாரண மனிதன். தமிழரசன் சாதாரண மனிதன் இல்லை என்று தமிழரசனே பல இடங்களில் சொல்லியிருக்கிறான்.

உதவியாளருக்கு அவன் வைத்திருந்த பெயர் மந்திரி. வீட்டில் மந்திரி இருந்தால் ராஜா யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

மந்திரியைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் பில் கட்டும். கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும். பட்டுக்கோட்டைச் சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் எழுதியதும் அதுதான். அதைப் படித்துச் சித்தப்பா மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுப்பிய தமிழரசன் அதை இன்றுவரை படிக்கவில்லை.

வீட்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். மந்திரியின் ஆட்சி திருக்காட்டுப்பள்ளி வயல் வரைக்கும் நீண்டதுதான் வினை.

அது பிரகதீஸ்வரியின் வயல். ஆறு மா, இரண்டு ஏக்கர். பிறந்த வீட்டில் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. பள்ளி அலுவலக வேலைக்கு நடுவே, சனி ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் போய் அவளே சாகுபடி பார்த்தாள். போன தை மாதம், அறுக்க இரண்டு நாள் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சம்பா அப்படியே படுத்தது. வரப்பில் குடையோடு நின்று, கதிரிலேயே நெல் முளைவிடுவதை நான்கு நாள் பார்த்தாள். அந்தப் பச்சை முளையை அவள் மறக்கவில்லை. இந்த வருஷம் ஒரு கதிரும் மழையில் நனையக் கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தமிழரசனுக்கு வேண்டியது வேறு. அவனுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. ஊர் ஊராகப் போய் 'ஃபோனிலேயே வாழ்க்கையை நடத்துவது எப்படி' என்று வகுப்பு எடுப்பவன். காபியை வைத்து எத்தனை வகுப்பு எடுக்க முடியும்? கார்த்திகை மாதம் அறிவித்தான்.

"ஈஸ்வரி, இனிமே வயல் விஷயம் எல்லாம் மந்திரி பாத்துக்கும். ஒரே சேனல். எல்லார்கிட்டயும் என் நம்பரையே குடுத்துட்டேன்."

"நீங்க வயலுக்கு வந்து மூணு வருஷம் ஆவுதுங்க."

"அதுதான் ஐடியாவே! கால் நனையாத விவசாயம். தலைப்பு எப்படி?"

"ஜெக்கரியா பாய் பேசமாட்டாரு. ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவாரு. உடனே நீங்க ஒரு ரிங் குடுக்கணும். இதையாவது அதுகிட்ட சொல்லி வைங்க."

"மிஸ்டு காலா? எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்?" என்றான் தமிழரசன். சொல்லி வைக்கவில்லை.

விஷயம் இதுதான். ஜெக்கரியா அந்தப் பக்கத்து அறுவடை வண்டி ஏஜென்ட். வண்டி ஓடும்போது இன்ஜின் சத்தத்தில் எவர் பேச்சும் எவர் காதிலும் விழாது. அதனால் இரண்டு ரிங் என்றால், அடுத்த வயல் உன்னுடையது, வந்து நில் என்று அர்த்தம். பதிலுக்கு ஒரு ரிங் என்றால், நிற்கிறேன், வண்டியைத் திருப்பு. பதில் வரவில்லையா? வண்டி அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். கைவிட்டுப் போன முறை திரும்ப வராது. பல வருஷமாக அந்தப் பக்கத்து வயல்கள் எல்லாம் இப்படித்தான் அறுபடுகின்றன. ஒரு வார்த்தை செலவில்லை.

தை மாதக் கடைசி. வெள்ளிக்கிழமை. மாலைக்குள் மழை என்று வானிலை அறிவிப்பு. வயல்காட்டில் எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள்.

தமிழரசன் பறக்கவில்லை. தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துப் பக்கம், ஒரு ஹோட்டலின் குளிரூட்டிய அரங்கில், வணிகர்கள் நாற்பது பேர் முன்னால் டை கட்டி நின்றிருந்தான். பின்னால் பெரிய திரை. அவன் ஃபோனில் தெரிவதெல்லாம் அதில் தெரிந்தது.

காலை 9.50.

"நண்பர்களே! இங்கேர்ந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளி என் வயல் இருக்கு. இன்னிக்கு அங்க அறுவடை. நான் இங்க உங்களோட காபி சாப்பிடப்போறேன். வயல் தானா அறுபடும். லைவ்!"

கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஃபோன் இரண்டு முறை அதிர்ந்து அடங்கியது.

திரையில் மந்திரி எழுதியது: 'தவறிய அழைப்பு. அனுப்புநர்: ஜெக்கரியா, வண்டி. வழக்கமான பதிலை அனுப்பிவிட்டேன்.'

"பாத்தீங்களா? நான் தொடவே இல்லை," என்றான் தமிழரசன்.

வழக்கமான பதில் என்பது அவனே போன மாதம் எழுதிக் கொடுத்தது. 'வணக்கம். தங்கள் அழைப்பைத் தவறவிட்டதற்கு வருந்துகிறோம். தொடர்வதற்குக் கீழ்க்காணும் ஏழு கேள்விகளுக்குப் பதில் அளிக்கவும்.'

அங்கே, பக்கத்து வயல்காரி ஞானாம்பாளின் வரப்பில், ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு நின்ற ஜெக்கரியா அந்த ஏழு கேள்வியையும் படித்தார். ஃபோனைச் சட்டைப்பைக்குள் போட்டார். வண்டிக்காரருக்குக் கையைக் காட்டினார். வண்டி, பிரகதீஸ்வரியின் வயலுக்கு முதுகைக் காட்டி, வாய்க்கால் பாலத்தை நோக்கிக் கிளம்பியது.

10.10. மந்திரி மறுபடி எழுதியது: 'ஜெக்கரியா பதில் அளிக்கவில்லை. அருகில் வேறு வண்டி ஒன்று காலியாக உள்ளது. டயர் வண்டி. வாடகையும் குறைவு. ஆனால் டயர் வண்டி ஈர வயலுக்கு ஏற்றதல்ல. வயல் காய்ந்திருக்கிறதா? உறுதிசெய்யவும்.'

கவனியுங்கள். மந்திரி கேட்டது. சரியான கேள்வியை, சரியான நேரத்தில், சரியான ஆளிடம் கேட்பதாக நினைத்துக் கேட்டது. கடைசி ஒன்றில்தான் அது ஏமாந்தது.

டெல்டாவில் நெல் அறுக்க இரண்டு வகை வண்டி. காய்ந்த வயலுக்கு டயர். சேற்று வயலுக்கு, டாங்கி மாதிரி பட்டையில் ஓடும் பெல்ட் வண்டி. பிரகதீஸ்வரியின் வயல் பள்ளத்தில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தின் ஈரமெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மேலே வெடித்திருக்கும், ஒரு சாண் கீழே களி. ஒரே ஒரு தடவை செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினவனுக்குத் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வேளையில் ஒரு டயர் வண்டி காலியாக நின்றது என்றால், அதை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்றாவது யோசித்திருக்கலாம்.

தமிழரசன் ஹோட்டல் ஜன்னலைப் பார்த்தான். வெளியே நல்ல வெயில்.

"வயல் காய்ஞ்சிருக்கா? காய்ஞ்சிருக்கு!" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே பச்சைப் பொத்தானை அழுத்தினான். "ஒரு விரல், நண்பர்களே. ஒரே ஒரு விரல்."

10.45. பிரகதீஸ்வரியின் ஸ்கூட்டர் வயல் பாதையில் திரும்பியது. முன்னால் சுருட்டிய தார்ப்பாய், பின்னால் சாக்குக் கட்டு. ஜெக்கரியாவின் பெல்ட் வண்டி தன் வயலில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து வந்தவள் சட்டென்று பிரேக் பிடித்தாள்.

ஞானாம்பாளின் வயல் அறுத்து மொட்டையாகக் கிடந்தது. பெல்ட் வண்டியைக் காணோம். அந்த மொட்டை வயலைக் கடந்து, நான்கு கறுப்பு டயர்களோடு ஒரு வண்டி அவள் வயலுக்குள் இறங்கும் வாயை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க! ஏ, நிறுத்துங்க! அது களிங்க!"

இன்ஜின் சத்தம் அவள் குரலை விழுங்கியது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள். வண்டி இறங்கியது. நான்கு அடி. ஆறு அடி. முன் டயர் மெதுவாக, மாவில் விரல் இறங்குகிற மாதிரி, அழுந்தியது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் அங்கேயே சுற்றி, சேற்றை வாரி அவள் புடவைமேல் அடித்து, அச்சு வரைக்கும் உட்கார்ந்துகொண்டது.

ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர். கீழே குதித்ததும் முதல் வேலையாக ஃபோனைத்தான் காட்டினார்.

"வயலு காய்ஞ்சிருக்கான்னு நான் கேட்டேங்க்கா. உங்க மெஷினும் அவருகிட்ட கேட்டுத்தான் சொல்லுச்சு. உங்க வீட்டுக்காரர் காய்ஞ்சிருக்குன்னு எழுத்துலயே குடுத்திருக்காரு. இத பாருங்க."

"அவரு எழுதுவாரு. அவருக்கென்ன, ஏசில உக்காந்து எழுதுவாரு."

வயலுக்கு வாய் ஒன்றுதான். அதில் இப்போது கார்க் மாதிரி வண்டி. இதை வெளியே இழுக்காமல் வேறு எந்த வண்டியும் உள்ளே போக முடியாது. கிழக்கே அடிவானம் மையிட்ட மாதிரி கறுக்கத் தொடங்கியிருந்தது. மறுபடியும் அந்தப் பச்சை முளை.

கணவனை அழைத்தாள். எடுக்கவில்லை. செய்தி வந்தது: 'தமிழரசன் அவர்கள் முக்கியக் கூட்டத்தில் இருக்கிறார். தங்கள் கோரிக்கை வரிசையில் நான்காவதாக உள்ளது. பொறுமைக்கு நன்றி.'

நான்காவது! கட்டின பெண்டாட்டி நான்காவது. அவள் குரல் செய்தி ஒன்றைப் பதிந்து அனுப்பினாள். மூச்சு விடாமல் ஒன்றரை நிமிஷம்.

மந்திரிக்கு அவசரம் எது, அவசரமில்லாதது எது என்று தெரியும். உடனே திரைக்குக் கொண்டுவந்தது. நாற்பது பேரும் படித்தார்கள்.

'பிரகதீஸ்வரி அவர்களின் குரல் செய்தி, சுருக்கம். டயர் வண்டி வயல் வாயில் புதைந்துவிட்டதாகத் தெரிவிக்கிறார். இதற்கு நீங்களே காரணம் எனக் கருதுகிறார். நீங்கள் சோறுதான் சாப்பிடுகிறீர்களா என அறிய விரும்புகிறார். பரிந்துரை: உடனே பதில் அளிக்கவும்.'

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த அரிசி ஆலைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏன் தம்பி, உங்க வயலு பள்ளமா, மேடா?"

தமிழரசன் ஃபோனைப் பார்த்தான்.

"அதைப் பாக்காதீங்க. உங்களைக் கேக்குறேன். பள்ளமா, மேடா?"

"மந்திரி," என்றான் தமிழரசன், உதட்டைச் சுருக்கி, ரகசியம் போல. "வண்டியை வெளிய எடு."

'இதை இங்கிருந்து என்னால் செய்ய இயலாது,' என்று திரை முழுக்க எழுதியது மந்திரி. 'அங்கே யாராவது நேரில் இருக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு மன்னிப்புச் செய்தி தயார் செய்துள்ளேன். உருக்கமானது, சுருக்கமானது, நகைச்சுவையானது. எதை அனுப்ப?'

"சுருக்கமானதையே அனுப்புங்க தம்பி," என்றார் ஆலைக்காரர். "அந்தம்மாவுக்கு நேரம் இல்ல."

அதைத்தான் அனுப்பினான். பிறகு கார்ச் சாவியைத் தேடினான்.

'வருந்துகிறேன்' என்ற ஒற்றைச் சொல் வந்து சேர்ந்தபோது பிரகதீஸ்வரி வாய்க்காலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். பாலத்தைச் சுற்றிப் போனால் கால் மணி நேரம். குறுக்கே போனால் மூன்று நிமிஷம்.

அக்கரையில் ஒரு வயலை முடித்துவிட்டுப் பெல்ட் வண்டி நின்றிருந்தது. அடுத்த வயல் சாரங்கபாணி என்ற பெரியவருடையது. அவர் வரப்பில் குந்தி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஜெக்கரியா அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"பாய், என் வயலை விட்டுட்டு வந்துட்டீங்களே."

"நான் விட்டேனா? ரெண்டு ரிங் குடுத்தேன். வந்தது என்னன்னு பாரு தங்கச்சி." ஃபோனை நீட்டினார். "ஏழு கேள்வி. என் நிக்காஹ்வுக்குப் பொண்ணு வீட்டுல மூணுதான் கேட்டாங்க. இதுல நாலாவது கேள்வி, எனக்கு முன் அனுபவம் உண்டான்னு. இருபத்திரண்டு வருஷமா உங்க அப்பா வயலை அறுத்தவன்கிட்ட!"

"அது அவரு பண்ணது இல்ல பாய். அவரு வச்சிருக்கிற மெஷின்."

"மெஷினு என் மெஷினும்தான் இருக்கு. அது யாரையாவது அனுபவம் உண்டான்னு கேக்குதா?"

சாரங்கபாணி பீடியோடு இருமிச் சிரித்தார்.

அவள் வாதாடவில்லை. வாதாட நேரமும் இல்லை. சாரங்கபாணியின் வயலைப் பார்த்தாள். மேட்டு வயல். வரப்போரம் மண் வெள்ளையாக வெளுத்திருந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்து நெரித்தாள். பொடியாக உதிர்ந்தது.

"மாமா, உங்க வயலு நல்லாக் காய்ஞ்சிருக்கே. இதுக்கு எதுக்கு பெல்ட் வண்டி?"

"டயர் வண்டி இந்தப் பக்கம் வந்திருக்குன்னே எனக்குத் தெரியாதேம்மா."

"என் வயல் வாயில ஒண்ணு புதைஞ்சு கிடக்கு. பாய் இந்த வண்டியைக் கொண்டாந்து அதை இழுத்து விடட்டும். அது பாலத்தைச் சுத்தி உங்களுக்கு வந்துரும். பெல்ட்டு எனக்கு. ரெண்டு பேரும் மழைக்கு முன்னாடி முடிச்சுரலாம்."

சாரங்கபாணி பீடியை வாயிலிருந்து எடுத்தார். வானத்தைப் பார்த்தார். ஜெக்கரியாவைப் பார்த்தார். "பொண்ணு சொல்றது சரிதான் பாய்."

"சரிதான்," என்றார் ஜெக்கரியா, கோபம் முழுசாகப் போகாமலே. "இதை அந்த மெஷினு யோசிக்கலியா தங்கச்சி?"

"அது ஈரமா, காய்ஞ்சிருக்கான்னு கேட்டுச்சு பாய். பதில் சொன்ன ஆளுக்குத்தான் தெரியல."

12.10. பெல்ட் வண்டி பாலத்தைச் சுற்றி வந்து வயல் வாயில் நின்றபோதுதான் தமிழரசனின் கார் பாதையில் தெரிந்தது. இறங்கினான். வெள்ளைச் சட்டை. மின்னும் கறுப்பு ஷூ. நிலைமையைப் பார்த்தான். பார்த்ததும் அவன் கை தானாக ஃபோனை உயர்த்திப் படம் எடுக்கத் தொடங்கியது.

"நண்பர்களே, களத்திலிருந்து நேரடியாக..."

"என்னங்க," என்றாள் பிரகதீஸ்வரி சேற்றுக்குள்ளிருந்து. குரல் உயரவில்லை. "ஃபோனை உள்ள வைங்க. இறங்குங்க."

"நானா? டிரைவர் இருக்காரே."

"டிரைவரு ஸ்டியரிங்ல இருக்கணும். பாய் அந்த வண்டிய பாக்கணும். இந்தப் பக்கம் இழுவைக் கம்பியை நான் மாட்டறேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் வேணும். வரிசையில நாலாவது ஆள் நீங்கதான்."

டிரைவர் சிரிப்பை அடக்க முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். தமிழரசன் ஷூவைக் கழற்றலாமா என்று யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் வரப்பு சரிந்தது. இடது கால் முழங்கால் வரை போனது. வலது கால் அதைத் தேடிப் போனது. ஒரு ஷூ களிக்குள்ளேயே தங்கிவிட்டது. இந்த நிமிஷம்வரை அது வெளியே வரவில்லை.

"குனியுங்க. அச்சுக்குப் பின்னாடி கைய விடுங்க. இன்னும் கீழ. ம், அதுதான். கொக்கிய மாட்டுங்க."

கன்னம் சேற்றில் பட, வண்டியின் வயிற்றுக்கடியில் அவன் கிடந்த சமயத்தில் ஜெக்கரியாவின் ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'இன்று எங்கள் வயலில் அறுவடை இனிதே நிறைவு. என் காலில் ஒரு துளி சேறு படவில்லை. நீங்களும் இப்படி வாழலாம். வகுப்பில் சேர அழையுங்கள். தமிழரசன்.'"

பன்னிரண்டரை மணிக்கு எல்லோருக்கும் போகட்டும் என்று நேற்றே மந்திரியிடம் எழுதி வைத்திருந்தான். மந்திரி ஒரு நிமிஷம் பிசகவில்லை.

"அல்லாஹ்வே," என்றார் ஜெக்கரியா. "தங்கச்சி, இவரு முடிச்சுட்டாராம். நான் கிளம்பவா?"

அந்த வயல்காட்டில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை. வண்டிக்கடியில் கிடந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் களி உள்ளே போகும்.

கம்பி விறைத்தது. பெல்ட் வண்டி உறுமியது. டயர் வண்டி பெரிய பெருமூச்சு விட்டு வெளியே வந்தது. சேறு சொட்டச் சொட்டச் சாரங்கபாணியின் மேட்டு வயலுக்கு ஓடியது.

ஒன்றேகாலுக்குப் பிரகதீஸ்வரியின் வயலில் முதல் சுற்று. வரப்பில் அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் கிழக்கைப் பார்த்தாள். இரண்டு மணிக்குக் காற்றில் ஈரம் வந்தது. மூன்றுக்கு வெயில் போனது. மூன்றே முக்காலுக்குக் கடைசி மூலை அறுபட்டு, நெல் சரசரவென்று டிராக்டர் டிப்பரில் விழுந்தது. டயர் குழைத்த வாய்ப்பக்கத்தில் நாலு முழம் பாழ். மற்றதெல்லாம் கையில். தார்ப்பாயை இழுத்து மூன்றாவது முடிச்சுப் போடும்போது முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நாலாவது முடிச்சையும் போட்டாள்.

ஜெக்கரியா கிளம்பும்போது பைக்கை நிறுத்தினார்.

"உன் நம்பரச் சொல்லு தங்கச்சி. அந்த நம்பர அழிச்சுட்டேன்."

சொன்னாள். ஒற்றை விரலால் பதிந்தார். அவள் ஃபோன் இரண்டு ரிங் அடித்து நின்றது. அவள் ஒரு ரிங் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் போனார்.

காரின் பக்கத்தில், ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும் தமிழரசன் நின்றிருந்தான். குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து முதலில் அவன் கழுவியது ஃபோனை. கழுவியதும் அதை வாயருகே கொண்டுபோனான்.

"மந்திரி, எழுதிக்கோ. சேறு எனக்குக் கற்றுத் தந்த ஐந்து பாடங்கள்..."

பிரகதீஸ்வரி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் ஒரு சாக்கு மிச்சம் இருந்தது. அதை உருவி அவன்மேல் எறிந்தாள்.

"நெல்லுக்குப் போக மிச்சம். சீட்டுல போட்டு உக்காருங்க. காரைக் கழுவற வேலையாவது எனக்கு இல்லாம போகட்டும்."